நூற்றியாறு ரூபாய் டிராக்டர்!

என் தாய்மாமாவின் டிராக்டருடைய மதிப்பு எவ்வளவு தெரியுமா? சரியாக நூற்றியாறு ரூபாய்!

சிரிக்காதீர்கள். பி.காம். படித்தவன் போட்ட கணக்கு. 1986-ல் மாமா அதை செகண்ட் ஹேண்டாக வாங்கிய விலை 60,000 ரூபாய். வருமான வரிக்காரர்கள் மெஷின்களுக்குச் சொல்லும் தேய்மானம் இன்றைக்கு 15 சதவிகிதம். வருஷா வருஷம் மிச்சமிருக்கும் மதிப்பில் 15 சதவிகிதத்தைக் கழித்துக்கொண்டே வாருங்கள். முப்பத்தொன்பதாவது வருஷம் கையில் நிற்பது 106 ரூபாய்! காந்திபுரத்தில் நாலு பேர் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகப் பில் வரும்.

இந்தக் கணக்கை நான் ஏன் போட்டேன் என்பதுதான் கதை. அதில் நான் செய்த ஒரு திருட்டுத்தனமும் வருகிறது. (என் மாமா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

எனக்கு வீடு கோயமுத்தூர் உக்கடத்தில். ஒரு பக்கம் பெரியகுளம், இன்னொரு பக்கம் மீன் மார்க்கெட், லாரிப்பேட்டை, 2024 ஆகஸ்டில் திறந்த மேம்பாலம். பக்கத்திலேயே ‘புல்லுக்காடு’ என்று ஒரு இடம். ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்த இடம் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அங்கே புல்லைத் தேடினால் ஹவுஸிங் யூனிட் மாடிகளில் காயும் துணிதான் தெரியும். அப்புறம் எங்கள் பேட்டையின் பெருமை, பழைய இரும்புக் கடைகள். ஆணியிலிருந்து லாரி ஆக்ஸில் வரை கிடைக்கும். மனிதன் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அங்கே ஸ்பேர் பார்ட் உண்டு!

போன தை மாசம் ஒருநாள் பெங்களூரிலிருந்து மாமா பையன் போன் செய்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை.

“மச்சான், அப்பாகிட்ட அந்த ஓட்டை டிராக்டரை விக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறார். அது போச்சுன்னா மாட்டையும் வித்துடுவார். நிம்மதியா இங்கே வந்து இருக்கலாம். நீதான் உக்கடத்துல இருக்கியே, ஒரு பார்ட்டியைப் பாரு. உனக்கு கமிஷன் தர்றேன்.”

கமிஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வணிகவியல் பட்டதாரி எழுந்து உட்கார்ந்தான். எங்கள் தெருக்கோடியில் இரும்புக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். வண்டியின் மேக், வயசு எல்லாம் கேட்டுவிட்டு, “எடைக்கு எடை போட்டா அம்பத்தஞ்சாயிரம் வரும் தம்பி” என்றார். கையோடு ஐயாயிரம் அட்வான்ஸும் கொடுத்தார். ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது. வாய் வார்த்தைதான்.

நானும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வண்டியின் சொந்தக்காரருக்கு இந்த விஷயம் தெரியாது. அதுதான் மேலே சொன்ன திருட்டுத்தனம்!

* * *

சூலூர், பல்லடம் தாண்டி காங்கேயம் பக்கம் மாமாவின் தோட்டம். எழுபது கிலோமீட்டர் சொச்சம் பைக்கில் போய் இறங்கினேன். கொஞ்சம் கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மீதிக் காட்டில் மழையை நம்பிச் சோளம். கட்டுத்தாரையில் ஆறு கறவை மாடுகள், ஒரு காங்கேயம் காளை. அந்தப் பக்கத்துப் பண்ணையத்துக்குச் சோளத்தட்டுதான் பேங்க் டெபாசிட். ஐப்பசி வாக்கில் விதைத்து, தை மாசம் அறுத்து, காயவைத்து, கட்டுக் கட்டிப் போர் போட்டால் அடுத்த மழை வரை மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. போர் இல்லாவிட்டால் வைக்கோல் லாரிக்காரன் சொன்னதுதான் விலை.

நான் போனபோது காடு பூராவும் தட்டு அறுத்துக் கிடந்தது.

டிராக்டர் வேப்பமரத்தடியில் நின்றது. மாஸி ஃபெர்குஸன் 1035. மூன்று சிலிண்டர் சிம்ஸன் இன்ஜின். சிவப்பு பெயின்ட் வெளுத்து ரோஸ் கலராகியிருந்தது. சீட்டுக்குப் பதில் மடித்துப் போட்ட சாக்கு.

காபி குடித்துவிட்டுப் பேப்பரை எடுத்து, 106 ரூபாய் கணக்கை மாமாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கணக்கு சரியாத்தான் இருக்குது கண்ணு. உங்க அத்தையக் கட்டி நாப்பத்தொரு வருஷம் ஆச்சு. அவளுக்கும் ஒருக்கா போட்டுப் பாரு.”

உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது: “மொதல்ல அவிகளுக்குப் போட்டுச் சொல்லு சாமி. மைனஸ்ல வரும்!”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

மாமா பதிலுக்கு ஒரு நோட்டை எடுத்து வந்தார். பள்ளிக்கூடப் பையன்கள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. “இதையும் பாரு” என்றார்.

பார்த்தேன். எனக்கு காஸ்ட் அக்கவுன்டன்ஸி நடத்திய பேராசிரியர் பார்த்திருந்தால் மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்!

டிராக்டருக்கு வயசைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, ஓடிய மணியில் சொல்வார்கள். மாமா வண்டியில் மணி காட்டும் மீட்டர் செத்துப் பல வருஷமாகிறது. ஆனால் இன்ஜின் ஆயிலைச் சுமார் 250 மணிக்கு ஒருதரம் மாற்ற வேண்டுமே, எப்படித் தெரியும்? மாமா டீசலை வைத்துக் கணக்குப் பண்ணுகிறார். அவர் வேலைக்கு இந்த வண்டி மணிக்கு மூன்று லிட்டர் குடிக்கும். ஒரு பேரல் 200 லிட்டர். நாலாவது பேரல் காலியாகும்போது 250 மணி தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆயிலை மாற்றி நோட்டில் தேதி போட்டுவிடுவார். முப்பத்தொன்பது வருஷம், எத்தனையோ நோட்டு!

மற்ற சட்டங்களும் அதில் இருந்தன. ஆபீஸில் உட்கார்ந்து பைலைத் தள்ளும் நமக்குக்கூட உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் ஆயில் குச்சியை உருவிப் பார், ரேடியேட்டரில் தண்ணீர் பார். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.) தட்டு வெட்டுகிற நாளில் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்று. பழைய டிராக்டரில் இன்ஜின் மூச்சு விடும் காற்று ஒரு கிண்ணம் ஆயிலில் பட்டுத்தான் உள்ளே போகும். தூசியெல்லாம் ஆயிலில் சிக்கிக்கொள்ளும். அந்த ஆயில் சேறான பிறகும் மாற்றாவிட்டால் தூசி சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ‘கெணத்துல சேறு, இன்ஜினுக்கு மண்ணு’ என்று எழுதியிருந்தார் மாமா.

டேங்கைச் சாயங்காலமே நிரப்பு. பாதி டேங்காக விட்டால் ராத்திரிக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தண்ணீராகி டீசலோடு சேரும். டீசலைத் துணியில் வடிகட்டாமல் ஊற்றாதே. பேட்டரி முனைக்கு வாஸலின், கிரீஸ் நிப்பிளுக்கு கிரீஸ்.

நோட்டின் அட்டையில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி: ‘துண்டு கட்டிக்கிட்டு பி.டி.ஓ. பக்கத்துல போகாதே.’

பி.டி.ஓ. என்றால் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸரில்லை. டிராக்டரின் பின்னால் சுழன்றபடி நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு. தட்டு வெட்டும் மெஷினை அதில்தான் மாட்டுவார்கள். நிமிஷத்துக்கு 540 சுற்று. கணக்குப் போட்டால் விநாடிக்கு ஒன்பது! வேட்டி நுனி சிக்கினால் ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஆளைச் சுருட்டிவிடும். கதிரடிக்கிற மெஷின்களில் கை போன கதைகள் பெருகியதால்தான் 1983-ல் பார்லிமென்ட்டே ஆபத்தான இயந்திரங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. மாமா தண்டைச் சுற்றித் தகரக் கூடு போட்டிருக்கிறார். இன்ஜினை நிறுத்தாமல் அந்தப் பக்கம் போனால் அத்தைக்குக்கூடத் திட்டு விழும். வீட்டில் அவர் அத்தையைத் திட்டத் துணியும் ஒரே சமயம் அதுதான்.

* * *

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு பெரிய வாய் வார்த்தைக் கதை இருக்கிறது. ஹாரி ஃபெர்குஸன் என்று அயர்லாந்துக்காரர், விவசாயி மகன். அந்தக் காலத்தில் ஏரை டிராக்டருக்குப் பின்னால் சும்மா கட்டி இழுப்பார்கள். ஏர் கல்லில் மாட்டினால் வண்டியின் முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். ஃபெர்குஸன் ஏரை மூன்று இடத்தில் மாட்டி, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்குகிற மாதிரி செய்தார். இன்றைக்கு உலகம் பூராவும் டிராக்டரின் பின்னால் இருப்பது அந்த மூன்று கைதான்.

1938-ல் அமெரிக்காவுக்குப் போய் ஹென்றி ஃபோர்டிடம் காட்டினார். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். அதுதான் ஒப்பந்தம். எழுத்து கிடையாது! ஃபோர்டின் பேரன் காலத்தில் கம்பெனி கை கழுவியது. கேஸ் நடந்து 1952-ல் ஃபெர்குஸனுக்கு 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கிடைத்தது. மறு வருஷம் அவர் மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தார். 1958-லிருந்து பெயர் மாஸி ஃபெர்குஸன். 1960-ல் சென்னையில் ‘டாஃபே’ ஆரம்பித்து, அந்த வண்டிகள் நம் பக்கத்துக் காடுகளுக்கு வந்தன.

காண்ட்ராக்ட் சட்டப் பேப்பரில் 38 மார்க் வாங்கிய எனக்கு இதைப் படித்தபோது ஒன்றும் உறுத்தவில்லை. அன்றைக்கு, பாக்கெட்டில் பாயின் ஐயாயிரத்தோடு உட்கார்ந்திருந்தபோது கொஞ்சம் உறுத்தியது.

* * *

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்கு மேல் கிழக்கே மேகம் கறுத்தது. தை மாசத்தில் மழையா என்று கேட்காதீர்கள், வரும். காய்ந்த தட்டின்மேல் ஒரு மழை அடித்தால் போதும், கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். மாடு மூக்கைக்கூட வைக்காது. ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடாகி மக்கிவிடும். ஒரு வருஷத்துத் தீவனம் ஒரே ராத்திரியில் குப்பை.

மாமா டிரெய்லரை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார். வண்டி நாலு நிமிஷம் ஓடியது. இருமியது. நின்றது.

மறுபடி ஸ்டார்ட் செய்தார். ம்ஹூம்!

வாடகை டிராக்டர்காரருக்குப் போன் போட்டேன். “எல்லாருக்கும் மழை வருதுங்க. நாளான்னிக்குத்தான்” என்றார். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வண்டியைப் பார்க்காமலே, “டீசல் பம்ப் போயிருக்கும். கழட்டி டவுனுக்குக் கொண்டாங்க. மூணு நாள், பதினஞ்சாயிரம்” என்றார்.

மாமா வரப்பில் உட்கார்ந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. தட்டைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“என்ன கண்ணு... வித்துப்போடலாமா? பையன் சொல்றதும் சரிதானோ என்னமோ.”

நான் எதற்காக வந்தேனோ அந்த வார்த்தை! ‘சரிங்க மாமா’ என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. அட்வான்ஸ் சட்டப்படி செல்லும், கமிஷன் கைக்கு வரும், மாமா பையன் சந்தோஷப்படுவான். எல்லாக் கணக்கும் டாலியாகிவிடும்.

வாய் வரவில்லை, சார். எதிரே அறுத்த தட்டு. கட்டுத்தாரையில் ஏழு ஜீவன்கள். “ஒருக்கா... நீங்களே பாருங்களேன் மாமா” என்றேன்.

மாமா எழுந்தார். டீசல் ஃபில்டர் மேலே ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடித்தார். டீசலோடு சோப்பு நுரை மாதிரி குமிழி வந்தது. “பம்பு போகலை. காத்து புடிச்சிருக்குது” என்றார். குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார். ஸ்டார்ட் செய்தார். ஓடியது! நாலு நிமிஷம். மறுபடி நின்றது.

“காத்து எங்கியோ உள்ள போய்ட்டே இருக்குது. எங்கேன்னு கண்டுபுடிக்கோணும்.”

அங்கேதான் நான் அசந்து போனேன். மாமா எந்தக் கருவியும் எடுக்கவில்லை. குனிந்து டீசல் குழாயை டேங்கிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஃபீட் பம்பில் குழாய் சேரும் இடத்தில் விரல் நின்றது. “பாரு கண்ணு. மத்த எடமெல்லாம் காஞ்ச தூசி. இங்க மட்டும் ஈரத் தூசி.”

நிற்கும்போது டீசல் துளியூண்டு வெளியே கசிகிறது. ஓடும்போது அதே வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. டேங்க் டேப்பை மூடிவிட்டு போல்ட்டைக் கழற்றினார். இரண்டு பக்கமும் செம்பு வாஷர். ஐந்து பைசா அகலம்தான் இருக்கும். பழையதாகி, கல் மாதிரி இறுகி, பிடிப்பு விட்டிருந்தது. டேங்க் டேப்பின் சல்லடையில் தட்டுத் தூசி வேறு அடைத்திருந்தது. டீசல் தாராளமாக வராததால் பம்ப் பலமாக உறிஞ்சி, காற்றைக் கூப்பிட்டிருக்கிறது.

சல்லடையைக் கழுவியாயிற்று. வாஷர்? ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆள் உக்கடம் பாய்தான். போன் செய்தேன்.

“புதுசு எதுக்குத் தம்பி? அதையே அடுப்புல செவக்கக் காய்ச்சி, பச்சைத் தண்ணில போடுங்க. செம்பு எளகிடும். கரியைத் தேச்சுட்டு மாட்டி இறுக்குங்க, கப்புனு புடிக்கும்.”

“பாய்... இது நீங்க அட்வான்ஸ் குடுத்த வண்டி” என்றேன் மெதுவாக, மாமாவுக்குக் கேட்காமல்.

அந்தப் பக்கம் ஒரு விநாடி மௌனம். அப்புறம், “ஓடற வண்டிய ஒடைக்கிற பாவம் நமக்கெதுக்குத் தம்பி? மொதல்ல தட்டை ஏத்துங்க” என்றார்.

இரும்புச் செம்மட்டியை வைத்துப் பிழைக்கிற மனிதரிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அத்தை சாம்பார் சட்டியை இறக்கிவிட்டு இடுக்கியில் வாஷர்களைப் பிடித்துக் காய்ச்சினாள். மாமா மாட்டினார். நான் டார்ச் அடித்தேன். (என் பங்கு அவ்வளவுதான்!) வண்டி ஐந்து நிமிஷம் ஓடியது, பத்து நிமிஷம் ஓடியது, பிறகு நிற்கவே இல்லை. பக்கத்துத் தோட்டத்தார் நாலு பேர் கூப்பிடாமலே வந்தார்கள். ராத்திரி பதினொன்றரைக்குக் கடைசி நடை. போரின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினோம். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாயின்மேல் அது விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மாமா குறட்டை விட்டார்.

* * *

பெங்களூர் மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். “புதுசு நல்லதுதான், இல்லேன்னு சொல்லலை. ஆனா கம்ப்யூட்டர் வெச்ச டிராக்டரைச் சொந்தமா ரிப்பேர் பண்ண விடமாட்டேங்கறாங்கன்னு அமெரிக்காவிலேயே விவசாயிங்க சண்டை போட்டு, 2023-ல கொலராடோ மாநிலத்துல அதுக்குத் தனிச் சட்டமே வந்திருக்கு. உங்கப்பா ஈரத் தூசியைப் பாத்துக் கண்டுபுடிக்கறார். பழைய வண்டியைக் கட்டாயம் உடைக்கணும்னு வாட்ஸ்அப்ல வர்றதையும் நம்பாதே. டிராக்டருக்கு அப்படி வயசு வரம்பு இல்லேன்னு மத்திய போக்குவரத்து அமைச்சகமே சொல்லியாச்சு. பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிச்சுக்கலாம்.”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “தட்டு நனையலைல்ல?” என்று மட்டும் கேட்டான். பெங்களூர் போனாலும் காங்கேயத்துக்காரன்தானே!

எல்லாப் பழைய வண்டிக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1971-ல் தொடங்கிய ஹெச்.எம்.டி. டிராக்டர் தொழிலை 2016-ல் மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பழைய இரும்புக் கடைகள்தான் கதி. உக்கடம் மாதிரி இடங்களில் ஒரு வண்டி உடைந்தால் இன்னொரு வண்டி பிழைக்கும்.

திரும்பி வந்ததும் பாயிடம் ஐயாயிரத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் கல்லாவில் போட்டார். ஒரு பொட்டலம் செம்பு வாஷர் கொடுத்து, “மாமாகிட்ட குடுங்க. இருபது ரூபா” என்றார். அதற்கு மட்டும் காசு கேட்டு வாங்கிக்கொண்டார். வியாபாரி!

இப்போது ஒரு சந்தேகம் வரலாம். வண்டியின் மதிப்பு 106. வாஷர் செலவு 20. ஆக 126 ரூபாய்தானே?

இல்லை. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். ரிப்பேர் செலவைச் சொத்தின் மதிப்போடு கூட்டக் கூடாது. அது அந்த வருஷச் செலவுக் கணக்கில்தான் போகும். அதனால் மாமாவின் டிராக்டர் இன்றைக்கும் அதே நூற்றியாறு ரூபாய்தான்.

விலைக்குக் கேட்டு மட்டும் யாரும் போக வேண்டாம். அத்தை இடுக்கியோடு நிற்கிறாள்!